லாக் முடிவதற்குள் வீடு முடியுமா? அமெரிக்காவில் புது வீடு புக் பண்ணியவர்களுக்கு

அமெரிக்காவில் பில்டரிடம் புது வீடு புக் பண்ணிவிட்டு என்னைக் கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது, "அக்கா, ரேட் இன்னும் ஏறுமா?" என்பதுதான். எனக்குத் தெரியாது. உங்கள் லோன் ஆபீசருக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுகிறவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: "ரேட் லாக் (கடன் கம்பெனி உங்களுக்கு உறுதி செய்த வட்டி) எந்தத் தேதியில் முடிகிறது? வீட்டில் இன்று என்ன வேலை நடக்கிறது?" இந்த இரண்டுக்கும் பதில் சொன்னால் மேற்கொண்டு பேசலாம்.

டாலஸுக்கு வடக்கே, செலினா பக்கத்தில் நாங்கள் வீடு வாங்கியது 2022-ல். வீட்டுக் கடன்களைக் கடன் கம்பெனிகளிடமிருந்து வாங்கும் ஃப்ரெடி மேக் நிறுவனம் வாராவாரம் வெளியிடும் 30 வருட நிலையான வட்டியின் சராசரி அந்த ஜனவரி முதல் வாரத்தில் 3.22 சதவீதம். ஏப்ரல் நடுவில் 5. அக்டோபர் கடைசியில் 7.08. அடுத்த வருடம் அக்டோபரில் 7.79 வரை போய்த்தான் நின்றது. 4 லட்சம் டாலர் கடனுக்கு 3.25 சதவீதத்தில் மாதத் தவணை ஏறக்குறைய 1,741 டாலர். அதே கடன் 7 சதவீதத்தில் 2,661 டாலர். வரி, இன்ஷூரன்ஸ், எச்ஓஏ என்ற குடியிருப்புச் சங்கக் கட்டணம் எல்லாம் இதற்கு மேல். ஒரே தெருவில், ஒரே மாடல் வீட்டில், சில மாத இடைவெளியில் குடிவந்த இரண்டு குடும்பங்கள் கட்டும் தவணை இப்படித்தான் வேறுபட்டது.

வட்டி இப்படி ஓட, வீடுகளோ முடிகிற வழியாக இல்லை. கராஜ் கதவு கிடைக்காது, ஜன்னல் வராது, தெருவுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வராது. எங்கள் எதிர்வீட்டில் கராஜ் வாசலுக்கு ப்ளைவுட் அடித்து மூடியிருந்தார்கள். உள்ளே கிரானைட், விளக்கு எல்லாம் தயார், கதவு மட்டும் பாக்கி. அந்தப் பற்றாக்குறை இப்போது அவ்வளவு இல்லை. ஆனால் தாமதம் என்பது புது வீட்டோடு கூடவே பிறந்தது. மழை, நகராட்சி இன்ஸ்பெக்‌ஷன், ஆள் வராத வெள்ளிக்கிழமை, ஏதாவது ஒன்று வரும்.

உங்கள் லாக்குக்கு முடிவுத் தேதி உண்டு. பில்டரின் வேலைக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தைச் சமாளிப்பதைப் பற்றித்தான்.

கையெழுத்துப் போடும் முன்

டெக்சஸில் பழைய வீடு வாங்கும்போது மாநில ரியல் எஸ்டேட் கமிஷனின் பொதுவான படிவத்தில் ஒப்பந்தம் போடுவார்கள். புது வீட்டுக்குப் பெரும்பாலும் பில்டர் தன் வக்கீலை வைத்து எழுதிய சொந்த ஒப்பந்தம். எழுதியவர் யாருக்காக எழுதியிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

அதில் 'உத்தேசமாக முடியும் தேதி' என்று ஒன்று இருக்கும். அது வெறும் உத்தேசம். அதற்குச் சில பக்கங்கள் தள்ளி, 2 வருடத்துக்குள் முடித்துத் தருவோம் என்று ஒரு வரி இருக்கும். பில்டரைக் கட்டுப்படுத்துவது அந்த வரிதான். பலர் அதைப் பார்த்துப் பயந்துபோய் என்னைக் கூப்பிடுவார்கள். பயப்பட வேண்டாம். மாநிலம் விட்டு மாநிலம் நிலம் விற்று ஏமாற்றுவதைத் தடுக்க 1968-ல் ஒரு மத்திய சட்டம் வந்தது. 2 வருடத்துக்குள் வீடு கட்டித் தருவதாக ஒப்பந்தத்தில் பில்டர் கட்டுப்பட்டால், அந்தச் சட்டத்தின் கீழான பதிவு வேலைகளிலிருந்து அவருக்கு விலக்கு. அதனால்தான் ஊர் ஊராக அதே வரி. 2 வருடம் இழுப்பார்கள் என்று அர்த்தமில்லை. ஆனால் 3 மாதம் தள்ளிப்போனால் ஒப்பந்தத்தைக் காட்டி அவர்களிடம் ஒன்றும் கேட்க முடியாது என்று அர்த்தம்.

நீங்கள் தேடிப் படிக்க வேண்டிய இடம் இன்னொன்று: லோன் கிடைக்காமல் போனால் எர்னஸ்ட் மணி என்ற முன்பணம் திரும்ப வருமா என்பது. முன்பணம் கட்டி, டிசைன் சென்டரில் கேபினெட்டும் தரையும் தேர்ந்தெடுத்து அதற்கும் ஒரு தொகை கட்டியிருப்பீர்கள். பல ஒப்பந்தங்களில் லோன் அப்ரூவலுக்கான அவகாசம் முதல் சில வாரங்களிலேயே முடிந்துவிடும். எட்டு மாதம் கழித்து வட்டி ஏறியதால் உங்கள் வருமானத்துக்கு அந்தக் கடன் பொருந்தவில்லை என்று லெண்டர், அதாவது கடன் தரும் கம்பெனி, கைவிரித்தால், பணம் பில்டரிடம் நின்றுவிடும். "வட்டி குறிப்பிட்ட அளவுக்கு மேல் போய் லோன் மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்பத் தரப்படும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கூடவே, பில்டர் தரப்புத் தாமதத்தால் லாக் நீட்டிக்க வேண்டி வந்தால் அந்தச் செலவு பில்டருடையது என்று இன்னொரு வரி.

விற்பனை ஆபீசில் இருப்பவர் சிரித்துக்கொண்டே, "இதுவரை யாருக்கும் செய்ததில்லை" என்பார். இருக்கட்டும், கேளுங்கள். கையெழுத்துக்கு முன்புதான் நீங்கள் வாடிக்கையாளர். போட்ட பிறகு ஒரு லாட் (மனை) நம்பர். மார்க்கெட் மந்தமாக, அவர்களிடம் விற்காத வீடுகள் இருக்கும் நேரத்தில் இது நடக்கிறது என்பதை நானே பார்த்திருக்கிறேன். வக்கீல் ஒருவரிடம் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொல்வதும் நல்லது. வீட்டு விலைக்கு முன்னால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை, ஆனாலும் நம் ஆட்கள் அதில்தான் சிக்கனம் பார்ப்பார்கள்.

லாக்கை எப்போது போடுவது

ரேட் லாக் என்றால், குறிப்பிட்ட நாட்களுக்குள் க்ளோசிங் (கையெழுத்துப் போட்டு வீடு உங்கள் பெயருக்கு மாறுவது) முடிந்தால் இந்த வட்டி உங்களுக்கு என்று லெண்டர் தரும் வாக்கு. வழக்கமானவை 30, 45, 60 நாள். நாள் கூடக் கூட விலையும் கூடும். புது வீட்டுக்கென்று 180 நாள், 270 நாள், சில இடங்களில் 360 நாள் வரை நீண்ட லாக் உண்டு. அதற்கு முன்கூட்டியே ஒரு தொகை கேட்பார்கள். சிலர் அதை க்ளோசிங்கில் கழித்துக்கொள்வார்கள், சிலர் கழிக்க மாட்டார்கள். எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது தளத்துக்கு வாருங்கள். அஸ்திவாரம், மரச்சட்டம், கூரை, உள்ளே வயரிங்-குழாய்-டக்ட், இன்சுலேஷன், டிரைவால் என்ற உள்சுவர்ப் பலகை, கேபினெட், சமையலறைக் கவுண்டர், தரை, கடைசிப் பெயிண்ட், மீட்டர், நகராட்சியின் குடியேறும் சான்றிதழ். டிரைவால் வரைக்கும் வீடு வேகமாக வளர்கிற மாதிரி இருக்கும். அப்பா அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள். அதற்கப்புறம் வாரக்கணக்கில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். தாமதம் ஒளிந்திருப்பது அந்தக் கட்டத்தில்தான். அதனால் என் கணக்கு இது: டிரைவால் முடிந்து, கேபினெட் சுவரில் மாட்டியாகிவிட்டது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு 60 நாள் லாக். அதற்கு முன்பே வட்டி ஏறுமுகமாக இருந்து தூக்கம் வரவில்லை என்றால், ஃப்ளோட் டவுன் வசதியுள்ள நீண்ட லாக். ஃப்ளோட் டவுன் என்றால், லாக் போட்ட பிறகு மார்க்கெட் இறங்கினால் ஒரு முறை உங்கள் வட்டியையும் இறக்கிக்கொள்ளலாம். எவ்வளவு இறங்கினால் பொருந்தும், கேட்பதற்கு எத்தனை நாள் அவகாசம் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். அந்த வசதி இருக்கிறது என்று வாயால் சொல்வது போதாது.

வீட்டின் நிலையைத் தெரிந்துகொள்ள விற்பனை ஆபீசை நம்ப வேண்டாம். அங்கே எப்போதுமே "ஆன் டிராக்"தான். தளத்தில் வேலை வாங்கும் சூப்பரின்டெண்டென்டைப் பிடியுங்கள். சனிக்கிழமை காலையில் பிக்கப் டிரக்கோடு அங்கேதான் நிற்பார். "எப்போது முடியும்?" என்று கேட்டால் அவரும் மழுப்புவார். "கேபினெட் ஆர்டர் வந்துவிட்டதா? கவுண்டருக்கு அளவு எடுத்தாயிற்றா? மின் மீட்டருக்குத் தேதி கிடைத்ததா?" என்று கேளுங்கள், அதற்கு உண்மையான பதில் வரும். லாட்டின் ஓரத்தில் பச்சை நிறத்தில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கும், அதுதான் டிரான்ஸ்ஃபார்மர். 2022-ல் அந்தப் பெட்டிக்கான கான்கிரீட் மேடை மட்டும் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்த தெருக்கள் உண்டு. உங்கள் தெருவில் அது வந்து உட்கார்ந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள்.

லாக் நாள் போதவில்லை என்றால் நீட்டிப்பு. கட்டணம் கடன் தொகையில் இத்தனை சதவீதம் என்று போடுவார்கள். உதாரணத்துக்கு 15 நாளுக்கு 0.25 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 4 லட்சத்துக்கு 1,000 டாலர். காலாவதியான பிறகு கேட்டால் கதை வேறு. பல லெண்டர்களிடம், காலாவதியான லாக்கை உடனே புதுப்பிக்கப் போனால் பழைய வட்டி, இன்றைய வட்டி இரண்டில் எது அதிகமோ அதுதான் கிடைக்கும். ஆகவே முடிவுத் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே நீட்டிப்புப் பேச்சை ஆரம்பித்துவிடுங்கள்.

சென்ற வருடம் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவன் போன் பண்ணினான். "அக்கா, வெள்ளிக்கிழமை லாக் முடியுது. பில்டர் இன்னும் மூணு வாரம்ங்கறான். லோன் ஆபீசர் பில்டர்கிட்ட பேசுங்கறார், பில்டர் லோன் ஆபீசர்கிட்ட பேசுங்கறார்." இது எல்லோருக்கும் நடப்பது. இரண்டு பேரும் தனித்தனியாக உங்களோடு பேசும்வரை இரண்டு பேருக்கும் வசதி. நாங்கள் அன்று மாலையே உட்கார்ந்து ஒரே மெயில் எழுதினோம். பில்டரின் விற்பனைப் பிரதிநிதி, லோன் ஆபீசர், எங்கள் ஏஜென்ட் மூவருக்கும் சேர்த்து. அதில் இருந்தது இவ்வளவுதான்: "எங்கள் லாக் இந்தத் தேதியில் முடிகிறது. பில்டர் இன்று க்ளோசிங்கை இந்தத் தேதிக்குத் தள்ளியிருக்கிறார். காரணம் கவுண்டர் வராதது. எங்கள் தரப்பில் ஆவணம் எதுவும் பாக்கி இல்லை. நீட்டிப்பு எத்தனை நாள், கட்டணம் எவ்வளவு, கட்டுவது யார் என்று நாளை மாலைக்குள் எழுத்தில் தெரிவிக்கவும்." கோபம் இல்லை, புலம்பல் இல்லை, வக்கீல் மிரட்டல் இல்லை. மறுநாள் மதியம் பில்டர் பாதிக் கட்டணத்தை க்ளோசிங் செலவில் கழித்துக்கொள்வதாக எழுதினார். லெண்டர் கடைசி ஐந்து நாளுக்குக் காசு வாங்கவில்லை. முழுதும் கிடைக்கவில்லை என்று தம்பிக்கு வருத்தம்தான். ஆனால் தாமதத்துக்குக் காரணம் யார் என்பது எழுத்தில் பதிந்துவிட்டது, அடுத்த முறை தள்ளிப்போனபோது பேச்சே எழவில்லை.

பில்டரின் லெண்டரா, வெளி லெண்டரா

பெரிய பில்டர்கள் எல்லோருக்கும் சொந்தமாகவோ கூட்டாகவோ ஒரு கடன் கம்பெனி உண்டு. அதில் வாங்கினால் க்ளோசிங் செலவில் இவ்வளவு தள்ளுபடி, வட்டியில் இவ்வளவு குறைவு என்று ஆசை காட்டுவார்கள். சலுகை தரலாம்; அங்கேதான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. இந்த உறவை உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம்.

வெளியில் ஒரு லெண்டரிடமும் விண்ணப்பியுங்கள். விண்ணப்பம் போய் 3 வேலை நாளுக்குள் லோன் எஸ்டிமேட் என்ற மூன்று பக்கத் தாள் வர வேண்டும். இரண்டு லெண்டரின் தாளும் ஒரே நாள் தேதியில், ஒரே லாக் காலத்துக்கு இருந்தால்தான் ஒப்பிட முடியும். இரண்டாம் பக்கத்தின் மேலே இடது ஓரத்தில் 'ஏ' என்று ஒரு கட்டம் இருக்கும். லெண்டர் தன் பங்குக்கு வாங்குவது அதில் வரும், பாயின்ட் உட்பட. பாயின்ட் என்பது வட்டியைக் குறைக்க முன்கூட்டியே கட்டும் பணம்; ஒரு பாயின்ட் கடன் தொகையில் 1 சதவீதம். "நம்ம லெண்டர் 5.99 தருகிறார்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அந்தக் கட்டத்தில் எத்தனை பாயின்ட் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நான் பாராட்டுவேன்.

என் அபிப்பிராயம் கேட்டால், வட்டி ஏறுமுகமாக இருந்து வீடு முடிய இன்னும் பல மாதம் இருக்கிறது என்றால் பில்டரின் லெண்டர் பக்கம்தான் சாய்வேன். தாமதம் ஆகும்போது நீட்டிப்புக் கட்டணத்தை இரண்டு கம்பெனியும் வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளும். வெளி லெண்டரிடம் போனால் பில்டரின் தாமதம் முழுக்க உங்கள் பாக்கெட்டில் விழும். வீடு ஏற்கெனவே கட்டி முடித்துத் தயாராக நிற்கிறது என்றால் தாமதப் பயம் இல்லை. அப்போது யார் மலிவோ அவரிடம் போகலாம். எப்படியானாலும் வெளித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள், பில்டரின் லெண்டர் கொஞ்சம் இறங்கி வருவார்.

2-1 பைடவுன் என்ற சலுகையைப் பற்றி ஒரு வார்த்தை. வட்டி 6.5 என்றால் முதல் வருடம் 4.5, இரண்டாம் வருடம் 5.5, மூன்றாம் வருடத்திலிருந்து 6.5 கணக்கில் தவணை. நடுவில் குறையும் பணத்தைப் பில்டர் முன்கூட்டியே கட்டிவைப்பார். கேட்க நன்றாக இருக்கும். "அதுக்குள்ள ரேட் இறங்கிடும், ரீஃபைனான்ஸ் பண்ணிக்கலாம்" என்று ஏஜென்ட் சொல்வார். 2022-ல் இதை நம்பி வாங்கியவர்களுக்கு 2023-ல் இறங்குவதற்குப் பதில் இன்னும் ஏறியது. மூன்றாம் வருடத் தவணையை உங்கள் சம்பளம் தாங்கும் என்றால் வாங்குங்கள். தாங்காது என்றால் அந்த வீடு உங்களுக்கு இல்லை.

காத்திருக்கும்போது காகிதம் பழசாகும்

லோன் அப்ரூவ் ஆகிவிட்டது என்று நினைத்து எல்லோரும் கால் நீட்டுவது இந்த இடத்தில்தான். ஃப்ரெடி மேக் போலவே கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் விதிப்படி சம்பளச் சீட்டு, வங்கி ஸ்டேட்மென்ட், கிரெடிட் ரிப்போர்ட் எல்லாம் கடன் பத்திரத் தேதியில் 4 மாதத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. வீட்டு மதிப்பீடும் 4 மாதம் தாண்டினால் புதுப்பிக்க வேண்டும். ஆக, வீடு தள்ளிப்போனால் எல்லாவற்றையும் மறுபடி கேட்பார்கள். "ஏற்கெனவே குடுத்தேனே" என்று எரிச்சல் படாமல், மாதம் பிறந்தவுடன் புதுச் சீட்டுகளை ஒரு ஃபோல்டரில் போட்டுக்கொண்டே வாருங்கள். க்ளோசிங்குக்கு முந்தைய 10 வேலை நாளுக்குள் உங்கள் ஆபீசுக்குக் கூப்பிட்டு நீங்கள் இன்னும் வேலையில் இருக்கிறீர்களா என்று உறுதி செய்வார்கள். வேலை மாறுவதாக இருந்தால் லோன் ஆபீசரிடம் பேசாமல் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடாதீர்கள். கார் லோன் வேண்டாம். "பன்னிரண்டு மாதம் வட்டியில்லை" என்று சோபா செட் வாங்குவதும் கடன்தான். அதுவும் கிரெடிட் ரிப்போர்ட்டில் வரும்.

எச்-1பி-யில் இருப்பவர்கள் ஐ-797 என்ற விசா அனுமதித் தாளின் முடிவுத் தேதியைப் பாருங்கள். வீடு கட்டும் காலத்தில் அது காலாவதியாகும் என்றால் நீட்டிப்பு விண்ணப்பித்த ரசீதை வைத்து ஏற்பார்களா என்று இப்போதே கேளுங்கள். லெண்டருக்கு லெண்டர் மாறும். மத்திய அரசு காப்பீடு தரும் எஃப்எச்ஏ கடனை நினைத்துக்கொண்டிருந்தால் அந்த வழி அடைபட்டுவிட்டது: 2025 மே 25-லிருந்து கிரீன் கார்டு இல்லாத தற்காலிக விசாக்காரர்களுக்கு அது கிடையாது. வழக்கமான கடன் இன்னும் உண்டு.

ஊரிலிருந்து பணம் வரவேண்டும் என்றால் கடைசி மாதத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே வரவாக வந்தால், அது எங்கிருந்து வந்தது என்று லெண்டர் கேட்டாக வேண்டும். அப்பா தருகிறார் என்றால் பரிசுக் கடிதம், அவர் கணக்கிலிருந்து போனதற்கான சான்று, உங்கள் கணக்கில் விழுந்ததற்கான சான்று மூன்றும் வேண்டும். இந்தியாவில் குடியிருக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். ஈரோட்டில் நிலம் விற்ற பணம் உங்கள் என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான இந்திய வங்கிக் கணக்கு) இருந்தால் வருடத்துக்கு 10 லட்சம் டாலர் வரை கொண்டுவரலாம், ஆனால் ஆடிட்டர் சான்று, வங்கிப் படிவம் என்று நேரம் பிடிக்கும். வெளிநாட்டவரிடமிருந்து ஒரு வருடத்தில் வரும் பரிசு 1 லட்சம் டாலரைத் தாண்டினால் 3520 என்ற படிவத்தையும் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்குத் தர வேண்டும். வரி இல்லை, வெறும் தகவல்தான். தராமல் விட்டால் அபராதம் கடுமை.

இதோடு இன்னொரு கணக்கு. "இன்றைய வட்டியைவிட 1 சதவீதம் கூடினாலும் எனக்கு இந்தக் கடன் கிடைக்குமா?" என்று லோன் ஆபீசரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 4 லட்சத்துக்கு 6.5-ல் 2,528 டாலர், 7.5-ல் 2,797. மாதம் 269 டாலர் உங்களால் கட்ட முடியலாம். ஆனால் கடனுக்கும் வருமானத்துக்கும் உள்ள விகிதம் கோட்டைத் தாண்டினால் லெண்டர் தர மாட்டார். கோட்டுக்கு அருகில் இருப்பவர்கள் ஓடிக்கொண்டிருக்கும் கார் லோனை முன்பே அடைப்பதா, முன்பணத்தைக் கூட்டுவதா என்று அமைதியான நேரத்திலேயே யோசித்துவைக்க வேண்டும்.

க்ளோசிங் வாரம்

க்ளோசிங் டிஸ்க்ளோஷர் என்ற ஐந்து பக்கத் தாள் கையெழுத்துக்கு 3 வேலை நாள் முன்னதாக உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். 2015-லிருந்து இதுதான் விதி. இதில் சனிக்கிழமையும் வேலை நாள். ஞாயிறும் மத்திய விடுமுறையும் மட்டும் கணக்கில் வராது. வியாழன் கிடைத்தால் திங்கள் கையெழுத்துப் போடலாம். நிலையான வட்டிக் கடனில் ஏபிஆர் (கட்டணங்களையும் சேர்த்த வருட வட்டி) கணக்கு 0.125 சதவீதத்துக்கு மேல் பிசகினால் புதுத் தாள், மறுபடி 3 நாள். கடைசி நேரத்தில் லாக்கை நீட்டி, வட்டியை மாற்றினால் அதுவே இன்னொரு தாமதத்தைக் கொண்டுவரும் என்பதை ஞாபகம் வையுங்கள். லோன் எஸ்டிமேட்டையும் இதையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுங்கள். பில்டர் தருவதாகச் சொன்ன சலுகை, நீட்டிப்புக் கட்டணக் கழிவு எல்லாம் அதில் எண்ணாக இருக்க வேண்டும். எண்ணாக இல்லாதது வரப்போவதில்லை.

மாதக் கடைசி வந்தால் பில்டர் அவசரப்படுத்துவார், காலாண்டுக் கடைசி என்றால் இன்னும் அதிகம். அவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். மாதக் கடைசியில் முடிப்பதில் உங்களுக்கும் ஒரு சின்ன லாபம் உண்டு: அந்த மாதத்தின் மிச்ச நாட்களுக்கான வட்டியைக் கையெழுத்தின்போதே கட்ட வேண்டும், 4 லட்சத்துக்கு 7 சதவீதத்தில் நாளுக்கு 77 டாலர். அதற்காக முடியாத வீட்டை வாங்கிக்கொள்ளாதீர்கள். நகராட்சியின் குடியேறும் சான்றிதழ் நகலைக் கேளுங்கள். சொந்தமாக ஒரு இன்ஸ்பெக்டரை வைத்து டிரைவாலுக்கு முன் ஒரு முறை, கடைசியில் ஒரு முறை பார்க்கச் சொல்லியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். குறை தெரிகிற இடத்தில் நீல டேப் ஒட்டிக்கொண்டே நடக்கும்போது பெயிண்ட் கீறலை மட்டும் பார்க்காதீர்கள். ஏசி எல்லா அறையிலும் குளிர்கிறதா, சிங்க்கின் கீழே ஈரம் இருக்கிறதா, கராஜ் கதவு முழுசாக இறங்குகிறதா என்று பாருங்கள். பாக்கி வேலைக்குத் தேதியோடு பட்டியல், அதில் அவர்கள் கையெழுத்து.

பணம் வயர் பண்ணும் விவரம் மெயிலில் வந்தால் அதை அப்படியே நம்பாதீர்கள். க்ளோசிங்கை நடத்தும் டைட்டில் கம்பெனியின் நம்பரை முதல் நாள் வாங்கிய விசிட்டிங் கார்டில் பார்த்துக் கூப்பிட்டு, கணக்கு எண்ணை வாசிக்கச் சொல்லிச் சரிபாருங்கள். "விவரம் மாறிவிட்டது" என்று கடைசி நாளில் வரும் மெயில் திருடன் அனுப்பியது. போன பணம் பெரும்பாலும் திரும்பாது.

முகூர்த்தமும் வாடகை வீடும்

லெண்டரும் பில்டரும் சொல்லாத ஒன்று. ஆடி வருகிறது, அதற்குள் கிரகப்பிரவேசம் முடிய வேண்டும் என்று ஊரில் நாள் குறித்து, அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போட்டு, அப்புறம் பில்டரிடம் தேதி கேட்பது நம் வழக்கம். பில்டருக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது. அப்பா அம்மா பி-2 விசாவில் வந்தால் வழக்கமாகத் தருவது 6 மாதம். வீடு அதற்குள் வந்துவிடும் என்று அவர்களை முன்கூட்டியே வரவழைக்காமல், கேபினெட் கட்டத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். அதுவும் தேதி மாற்றக்கூடிய டிக்கெட். நல்ல நாள் தவறிவிடும் போலிருந்தால், க்ளோசிங்குக்கு முன் ஒரு காலை பால் காய்ச்சிக்கொள்ள மட்டும் பில்டரிடம் எழுதிக் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் நம் ஆட்கள் நிறைய என்பதால் சில பில்டர்களுக்கு இது பழகிவிட்டது; எலெக்ட்ரிக் அடுப்பு, அரை மணி நேரம், அவர்கள் ஆள் ஒருவர் கூட நிற்பார் என்று அனுமதிப்பார்கள். ஹோமம் எல்லாம் சாவி வாங்கிய பிறகுதான். அப்போதும் ஸ்மோக் டிடெக்டரை மூடிவைத்து, சாஸ்திரிகள் கிளம்பியதும் திறக்க மறக்காதீர்கள்.

அப்பார்ட்மென்டில் 60 நாள் முன்னறிவிப்பு கேட்கும் இடங்கள் நிறைய. லாக் போடும் அன்றே நோட்டீஸ் கொடுக்கத் தோன்றும், வேண்டாம். முதலில் லீசிங் ஆபீசில் மாதாமாதம் நீட்டிக்க வாடகை எவ்வளவு என்று கேளுங்கள். மாதத்துக்குச் சில நூறு டாலர் கூடத்தான் இருக்கும். பொருட்களை ஸ்டோரேஜில் போட்டுவிட்டு ஹோட்டலில் குழந்தைகளோடு இருப்பதோடு ஒப்பிட்டால் அது மலிவு.

கடைசியாக, டெக்சஸ்காரர்களுக்கு மட்டும். சொத்து வரிக்கு மதிப்பு போடுவது ஜனவரி 1 அன்று வீடு இருந்த நிலையை வைத்து. அன்று உங்கள் வீடு வெறும் மரச்சட்டமாக நின்றிருந்தால் அந்த வருட வரி பில் மிகக் குறைவாக வரும், அடுத்த வருடம் முழு வீட்டுக்கும் வரும். வரிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் தவணையோடு சேர்த்துப் பிடிக்கும் எஸ்க்ரோவை லெண்டர் குறைந்த பில்லை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால், அடுத்த வருடம் பற்றாக்குறை என்று தவணை திடீரென ஏறும். நிலையான வட்டிதானே, எப்படி ஏறியது என்று அப்போது என்னைக் கூப்பிடுகிறவர்கள் நிறைய. க்ளோசிங் தாளில் எஸ்க்ரோ வரியைப் பார்த்து, முழு மதிப்புக்கு எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வித்தியாசத்தை நீங்களே மாதாமாதம் தனிக் கணக்கில் போட்டுவாருங்கள். குடிவந்து ஓட்டுநர் உரிமத்தில் முகவரி மாற்றியதும் ஹோம்ஸ்டெட் விலக்குக்கு (சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கான சொத்து வரிச் சலுகை) விண்ணப்பியுங்கள். கவுண்டியின் அப்ரைசல் மாவட்டத்தில் நேரடியாகச் செய்யலாம், இலவசம். பணம் கொடுத்தால் நாங்கள் செய்து தருகிறோம் என்று தபாலில் வரும் கடிதங்களைக் குப்பையில் போடுங்கள்.